உங்களுக்குத் தெரியுமா? டிபிஎஃப் விளக்குக்கு மருந்து சேலம் ஹைவே!

பிஎஸ்6 டீசல் காரில் டிபிஎஃப் (டீசல் கரி வடிகட்டி) விளக்கு எரிகிறதா? பெரும்பாலும் ஒர்க்‌ஷாப் வேண்டியதில்லை. கோவை நீலம்பூர் தாண்டி அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினாலே அணைந்துவிடும்!

• சைலன்சர் பாதையில் உள்ள வடிகட்டியில் சேரும் கரி, சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் எரியும். காந்திபுரம் சிக்னல்களில் ஊர்ந்தால் அந்தச் சூடு ஏறாது.

• கரி எரியும்போது பாதியில் வண்டியை அணைப்பதே வழக்கமானால், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உடனே ஆயிலை மாற்றுங்கள்.

• இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஹைவே வைத்தியம் பலிக்காது. நேரே மெக்கானிக்தான்.

• பிஎஸ்6 புகை விதி கட்டாயமானது 2020 ஏப்ரல் 1-ல். அதற்குப் பின் வந்த டீசல் கார்களில் இந்த வடிகட்டி உண்டு; எனவே தினமும் ஆர்.எஸ்.புரம் – டவுன்ஹால் மட்டுமே ஓட்டமென்றால், பெட்ரோல் காரே பாருங்கள்.