இளையராஜாவின் மூன்று இசைப்பேழைகள்

சினிமாப் பாட்டுக்காரர் என்று இளையராஜாவை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் புலவர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்களோடு வழக்காடுவது என் நோக்கமன்று. 1976இல் ‘அன்னக்கிளி’ தொடங்கி அவர் திரைக்குத் தந்தவற்றை எல்லோரும் அறிவர். தாமே இசைத்து, தாமே பாடி, சில வேளைகளிற் பாட்டையும் தாமே எழுதியவர் என்பதையும் அறிவர். திரைக்கதையின் ஏவலின்றித் தம் மனம் போன வழியில் அவர் செய்த பேழைகளில் மூன்றைப் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகிறேன். வன்னியில் வாழ்ந்து அவற்றைக் கேட்டவன் என்பது ஒன்றே அதற்கு என் தகுதி.

முதலாவது, 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’. இதற்கு என்ன பெயரிடுவது என்ற வினாவையே பெயராகக் கொண்டது. ஜேர்மனிய இசைமேதை பாக், நம் தியாகராசர் ஆகிய இருவருக்கும் அது காணிக்கை. பாக் 1750இல் மறைந்தார். தியாகராசர் பிறந்தது 1767இல். காலம் சந்திக்கவிடாத அவ்விருவரையும் ஒரே கூடத்தில் அமர்த்திவிட்டார் நம்மவர். வி. எஸ். நரசிம்மனின் வயலின் இருவருக்குமிடையே தூது நடக்கிறது. பாக் தனி வயலினுக்கென எழுதிய ஒரு முகப்பிசையை எடுத்து, அதனோடு தம் குரலொன்றையும் ஓடவிட்டு, ‘பாக்கை என் வீட்டிற் சந்தித்தேன்’ என்று பொருள்படப் பெயர் சூட்டினார். மூலத்தை மறைக்காத நல்லுரை எப்படியிருக்கும் என்று மாணவர் கேட்டால், பரிமேலழகரைக் காட்டுவதோடு இதையும் காட்டலாம் என்பேன்.

அதை நான் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடை நின்ற காலத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை; பற்றரியும் தடைப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்னூட்டுவோம். கை தளர்ந்தால் வயலின் முனகும், விரைந்தால் கீச்சிடும். செய்தி கேட்பதற்காகச் சுற்றுவதை எவரும் குறைகூறார், பாட்டுக்காகச் சுற்றினால், “உனக்கு வேறு வேலை இல்லையோ?” என்பார் அயல்வீட்டு அம்மா. ஒருவர் கேட்க இன்னொருவர் உழைக்க வேண்டியிருந்தமையால் தேர்ந்தே கேட்டோம். ஒரு குரலை மற்றொரு குரல் துரத்தும் ‘ஃபியூக்’ என்னும் மேனாட்டு அமைப்பு, நூல்களிற் படித்து எனக்கு விளங்கவில்லை. தம்பியும் நானும் முறைவைத்துச் சுற்றிய அந்த இரவுகளில், என் தோளுக்கு அது விளங்கிவிட்டது.

1988இன் ‘நத்திங் பட் விண்ட்’ பேழையில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலிக்கிறது. மிக இனியது. ஆயினும் அவ்வினிமையில் மயங்கி இசையமைப்பாளர் தம்மைச் சற்றே மறந்துவிட்டார் என்பது என் துணிபு, மறுப்போர் பலர்.

‘திருவாசகம்’ 2005இல் வெளியாயிற்று. ஏ-9 பாதை திறந்திருந்த காலம். ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. இறுவட்டு ஒன்று கிளிநொச்சியில் என் கைக்கு எட்டியது. புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடு மணிவாசகர் எப்படி ஒத்துப்போவார் என்ற ஐயத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன். சிவபுராணத்திலிருந்து எடுத்த பகுதி ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்கிறது. இடையிடையே ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் வருகின்றன. அதற்கு முகஞ்சுளித்த பெரியவர்கள் உண்டு. 1900இல் போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலமாக்கியபோது போற்றிய நாம், இதற்கு மட்டும் ஏன் கூசவேண்டும்? என் குறை வேறு. வாத்தியங்கள் பொங்கும் சில இடங்களிற் சொல் அமிழ்ந்துபோகிறது. திருவாசகத்திற் சொல் அமிழலாமா? இளையராஜா தம் குரலிற் பாடும் இடங்களில் அக்குறை இல்லை. தேர்ந்த பாடகரின் மெருகு அக்குரலுக்குக் கிடையாது. இரந்து நிற்பவன் குரல் அது. மணிவாசகருக்கு அதுவே ஏற்றது.

யாத்திரைப் பத்தை அவர் முதலில் வைத்தார். காலம் வந்துவிட்டது, பொய்யை விட்டுப் புறப்படுங்கள் என்று அடியாரை அழைக்கும் பதிகம் அது. பல குரல்கள் சேர்ந்தெழும் அந்த இசையை 2005இல் மகிழ்ச்சியோடு கேட்டேன். 2008இன் இறுதியில் ஊரே புறப்பட்டது. ஒலிப்பேழைகளும் இறுவட்டும் வீட்டோடு நின்றுவிட்டன. முள்ளிவாய்க்காலையும் செட்டிகுளம் முகாமையும் கடந்து திரும்பிய பின்னர், அப்பதிகத்தைக் கேட்கும் துணிவு சில ஆண்டுகள் எனக்கு வரவில்லை. அச்சப்பத்தை மட்டும் கேட்டேன். இன்னின்னவற்றுக்கு அஞ்சேன் என்று அடுக்கிச் சென்று, அன்பிலாதவரைக் கண்டால் மட்டும் அஞ்சுவேன் என்கிறார் அடிகள். வாத்தியங்கள் எத்துணை உரக்க ஒலித்தாலும் அங்கே சொல் அமிழவில்லை.

ஒரேயொரு மனக்குறை. திருவெம்பாவை அப்பேழையில் இல்லை. மார்கழி விடியலிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க எங்கள் ஒழுங்கைகளிற் பிள்ளைகள் அதைப் பாடிவரும்போதெல்லாம், இதற்கு அவர் எந்த வாத்தியத்தை முதலில் எழுப்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு படலையடியில் நிற்பேன்.