சுமை இழுக்கும் டிராக்டர்: கொக்கியும் டயரும் கியரும்

டிராக்டர் வாங்கக் கடன் கேட்டு வரும் அங்கத்தினர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அதன் குதிரைத்திறனைத்தான். அது அவசியமான விசாரணையே. ஆயினும் டிராக்டர் வயலில் உழுவதோடு நின்றுவிடுவதில்லை. அறுவடைக் காலம் வந்துவிட்டால் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கரும்பை ஆலைக்கும், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கும், எருவை வயலுக்கும் இழுத்துச் செல்வதே அதன் அன்றாட வேலையாகிவிடுகின்றது. இவ்வேலைக்குக் குதிரைத்திறன் மட்டும் போதாது. டிரெய்லரைப் பூட்டும் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது, பின் டயரின் அளவு யாது, எந்தக் கியரில் வண்டியைச் செலுத்துவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினால் பணநஷ்டம் மட்டுமன்று, உயிர்நஷ்டமும் நேரிடக்கூடும்.

ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் கவனிக்க வேண்டும் என்பது நெசவாள அங்கத்தினர்களுக்குப் புதிய செய்தியன்று. அச்சின் கணக்கை மாற்றியவர் நூலின் நம்பரைப் பாராமல் தறியில் உட்காருவதில்லை. டிராக்டரும் அத்தகையதே.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்கள் இவ்விஷயத்தின் அடிப்படையை முன்னமே அறிவார்கள். பாரம் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். மாடுகளின் கழுத்துக் கயிறு இறுகும். முன்னால் அதிகமானால் நுகம் கழுத்தை அமுக்கும். அநுபவமுள்ள வண்டிக்காரர் நுகத்தின்மீது மிதமான முன்பாரம் இருக்கும்படி மூட்டைகளை அடுக்குவார்.

இரண்டு சக்கர டிரெய்லரிலும் இதுவே விதி. மிதமான முன்பாரம் கொக்கியின்மீது விழுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையை நன்கு பற்றும். பாரம் பின்தள்ளிப் போனால் டிரெய்லரின் மூக்கு கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்கும். வேகமாகச் செல்லுகையில் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். முன்பாரம் மிதமிஞ்சினாலோ, டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும்.

கொக்கியின் உயரம்

டிராக்டர் இழுக்கும்போது அதன் முன்சக்கரங்களின்மீதுள்ள எடையில் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்கு மாறுகின்றது. மாறும் எடை எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இழுவிசையைக் கொக்கியின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். டிராக்டரின் எடை 2,000 கிலோ. அதில் முன்சக்கரங்களின்மீது 750 கிலோ இருக்கின்றது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். பின்னால் பூட்டிய டிரெய்லர் பாரத்தோடு 4 டன். இளகிய மண்ணில் 10 அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் அதை ஏற்ற வேண்டும். மண்ணின் எதிர்ப்புக்கு ஏறத்தாழ 400 கிலோவும், ஏற்றத்துக்கு 400 கிலோவுமாக 800 கிலோ இழுவிசை தேவைப்படும்.

கொக்கி 45 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், முன்சக்கரங்களிலிருந்து 180 கிலோ பின்னுக்கு மாறும். 90 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 360 கிலோ மாறும். இதனோடு டிரெய்லரின் முன்பாரம் 500 கிலோ, பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் கொக்கியில் விழுவதாகக் கொண்டால், அதனாலும் 125 கிலோ குறையும். ஆக, தாழ்ந்த கொக்கியில் முன்சக்கரங்களுக்கு எஞ்சுவது 445 கிலோ. உயர்ந்த கொக்கியில் எஞ்சுவது 265 கிலோ மட்டுமே.

டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின்மீது இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும் என்பது பொதுவிதி. மேற்படி டிராக்டருக்கு அது 400 கிலோ. தாழ்ந்த கொக்கி இவ்வெல்லைக்குள் நிற்கின்றது. உயர்ந்த கொக்கி எல்லையைக் கடந்துவிடுகின்றது. மேட்டில் டிராக்டரின் சொந்த எடையும் சிறிது பின்னால் சாயும் என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் தாழ்ந்த கொக்கியே எல்லைக்குச் சற்றுக் கீழே போய்விடும். தயாரிப்பாளர்கள் முன்புறம் மாட்டுவதற்கென்று இரும்பு எடைகளைக் கொடுப்பது இக்காரணத்தினாலேயே. அவற்றை அழகுக்காக மாட்டியவை என்று எண்ணிக் கழற்றி மூலையில் போட்டுவிடலாகாது.

முன்சக்கரங்கள் முற்றிலும் மேலெழுந்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழும். ஓட்டுநர் கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் அது முடிந்துவிடும். 1917-இல் பெருமளவில் வெளிவரத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டர் இவ்விதம் பின்னால் மல்லாந்து விழுவதில் பேர்போனது. ஹாரி ஃபெர்குசன் வகுத்த மூன்று முனை இணைப்பு, 1939-இல் ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரில் வந்து, உழவில் இவ்வபாயத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அந்த இணைப்பின் மேல் கரத்தில் டிரெய்லரையோ சங்கிலியையோ கட்டி இழுப்பவர், ஃபெர்குசன் நீக்கிய அபாயத்தைத் தாமே திரும்ப வரவழைத்துக்கொள்கிறார். பின் அச்சிலேயே சங்கிலியைச் சுற்றி இழுப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

ஆகவே, டிரெய்லரை அதற்கென்று அமைத்த நிலையான கொக்கியிலேயே பூட்ட வேண்டும். கொக்கித் தகட்டில் பல துளைகள் இருப்பின், டிரெய்லர் சமமாக நிற்கும் அளவில், வரப்பில் இடிபடாத மட்டத்தில், இயன்றவரை தாழ்ந்த துளையைக் கொள்வதே நலம். ஹைட்ராலிக் கரங்களுக்கிடையே உள்ள துளைச்சட்டத்தில் கனத்த டிரெய்லரைப் பூட்டினால், கரம் உயரும்போதெல்லாம் கொக்கியும் உயரும் என்பதை மறக்கலாகாது.

டயரின் அளவு

பின் டயரில் 12.4-28, 13.6-28, 14.9-28 என்று எழுதியிருக்கக் காணலாம். முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் அது மாட்டப்படும் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிப்பவை. ரிம் ஒன்றேயாயினும், அகலம் கூடும்போது டயரின் உயரமும் கூடும். 12.4-28 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 126 செண்டிமீட்டர், 14.9-28 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 136 செண்டிமீட்டர்.

சிறியதைக் கழற்றிப் பெரியதை மாட்டினால் நேர்வது யாது? பின் அச்சு சுமார் 5 செண்டிமீட்டர் உயரும். கொக்கியும் அவ்வளவு உயரும். ஒவ்வொரு கியரிலும் வேகம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். அதே கியரில் இழுவிசை அதே விகிதத்தில் குறையும். குறைந்ததை மீட்க ஒரு கியர் கீழே இறங்கினால், வேகம் 8 சதவீதத்துக்கும் மிக அதிகமாகக் குறைந்துவிடும். ஏனெனில் இரண்டு கியர்களுக்கு இடையேயுள்ள தூரம் அதைவிடப் பெரியது.

பெரிய டயர் வீண் என்று கொள்ள வேண்டுவதில்லை. சேற்று நிலத்திலிருந்து கரும்பை வெளியே கொணர்பவருக்கு அகன்ற டயர் புதையாமல் பிடிப்புத் தரும். மண்ணையும் அதிகம் அமுக்காது. தார்ச்சாலையில் மட்டும் ஓடுபவருக்கு அதனால் இலாபமில்லை. மேலும், நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டரில் பின் டயரை மட்டும் மாற்றலாகாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் சுழலும் விகிதத்தைக் கியர்பெட்டி வகுத்திருக்கின்றது. அது பிசகினால் டயர் தேயும். அச்சும் பல்சக்கரமும் முறியும். எவ்வகை டிராக்டராயினும், தயாரிப்பாளர் கையேட்டில் அனுமதித்த அளவையே மாட்ட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது.

கியரின் தேர்வு

இழுவிசையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 270-ஆல் வகுத்தால் தேவையான குதிரைத்திறன் கிடைக்கும். முன்சொன்ன மேட்டில் டிரெய்லருக்கு 800 கிலோ. டிராக்டர் தன்னையே ஏற்றிக்கொள்ள ஏறத்தாழ 400 கிலோ. ஆக 1,200 கிலோ. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் சுமார் 22 குதிரைத்திறன் போதும். 10 கிலோமீட்டர் வேகத்துக்கு 44 குதிரைத்திறன் வேண்டும். கியர்பெட்டியிலும் அச்சிலும் விரயமாவது இதற்குப் புறம்பு. 40 குதிரைத்திறன் டிராக்டர் முதல் வேகத்தில் நிதானமாக ஏறிவிடும். இரண்டாம் வேகத்தில் நடுமேட்டில் திணறி நின்றுவிடும். அங்கே கிளச்சை மிதித்துக் கியரை மாற்ற முயல்பவரைப் பாரமே பின்னோக்கி இழுத்துச் சென்றுவிடும். ஆதலால் மேட்டின் அடிவாரத்திலேயே தாழ்ந்த கியருக்கு மாறிவிட வேண்டும். நின்ற வண்டியைக் கிளப்புகையில் கிளச்சைச் சட்டென்று விடுவதும் முன்சக்கரங்கள் எழுவதற்கு ஒரு காரணம்.

இறக்கத்தில் கவனம் இன்னும் அதிகம் தேவை. எந்தக் கியரில் மேடேற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடுபவர் சில காசுகளுக்காக உயிரைப் பணயம் வைக்கிறார். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகின்றது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அவ்வளவையும் டிராக்டரே தாங்க வேண்டும். பின்னாலிருந்து பாரம் தள்ளும்போது டிராக்டரும் டிரெய்லரும் மடங்கிக் குறுக்கே விழும். வயலில் தனித்தனியாகப் பயன்படும் இரண்டு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வருமுன் கொண்டியிட்டு இணைத்துவிட வேண்டும் என்பதும் இங்கு நினைவுறுத்தத்தக்கது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டிய நிலை இன்றில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919-இல் சட்டமியற்றி, 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து உண்மையான இழுவிசையை வெளியிட்டு வருகின்றனர். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் 1955-இல் தொடங்கிய மத்திய நிலையம் இப்பணியைச் செய்கின்றது. சோதனை அறிக்கையில் இழுவிசை, கொக்கியின் உயரம் முதலிய விவரங்கள் இருக்கும். அதை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் படிப்பது வாங்குபவரின் உரிமை.

சங்கத்தின் பேரில் வாடகை டிராக்டர் வாங்கும் நிர்வாகக் குழுவினருக்கு இக்கடமை இன்னும் பெரிது. அவர்கள் தீர்மானம் எழுதுமுன், எத்தனை டன், எந்தச் சாலை, எத்தகைய மேடு என்று முதலில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அதற்குப் பொருந்தும் டயரையும் கியரையும் கேட்கட்டும். முன் எடைகள், காப்புச் சட்டகம், இருக்கைப் பட்டை, டிரெய்லர் பிரேக் ஆகியவற்றின் விலையை மதிப்பீட்டிலேயே சேர்க்கட்டும். மட்கார்டின்மீதும் பாரத்தின்மீதும் ஆட்களை ஏற்றுவதில்லை என்பதை வாடகை நிபந்தனையாகவே எழுதட்டும்.

கடன் தவணை பல ஆண்டுகள் ஓடும். டிராக்டர் அதுவரை முறியாமல் உழைத்தால்தான் தவணை தவறாது. ஓட்டுபவர் மாலையில் நலமாக வீடு திரும்பினால்தான் அந்த உழைப்புக்குப் பொருளுண்டு. அடுத்த அறுவடைக்கு டிரெய்லரைப் பூட்டுமுன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓர் அளவுகோலை எடுத்துத் தம் கொக்கியின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பாராக.