மின்னூட்டியும் காரும் பேசும் மொழி

மாலை ஏழு மணிக்கு மேல் வீவக அடுக்குமாடி வீடுகளில் மின்சாரப் பயன்பாடு கூடுகிறது. சமையலறை விளக்கு, குளிரூட்டி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. வேலை முடிந்து திரும்புவோர் தங்கள் மின்கார்களை வாகன நிறுத்துமிடத்தில் உள்ள மின்னூட்டியுடன் இணைப்பதும் அந்த நேரத்தில்தான். 7.4 கிலோவாட் திறனுள்ள ஒரு மின்னூட்டி முழு வேகத்தில் இயங்கினால், ஏறக்குறைய ஏழு குளிரூட்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை இழுக்கும். பத்துக் கார்கள் என்றால் 74 கிலோவாட்.

2030ஆம் ஆண்டுக்குள் 60,000 மின்னூட்டு முனைகளை அமைப்பது சிங்கப்பூரின் இலக்கு. அத்தனைக்கும் ஈடுகொடுக்கப் புதிய மின்கம்பிகளையும் மின்மாற்றிகளையும் எங்கும் நிறுவினால் செலவு மிகும். ஆனால், ஒரு சிறு கணக்கு வேறு வழியைக் காட்டுகிறது. நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 9 கிலோவாட் மணி மின்சாரம் போதும். முழு வேகத்தில் அதை நிரப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். காரோ விடியும்வரை சும்மா நிற்கிறது! பத்துக் கார்களுக்கும் சேர்த்து 30 கிலோவாட் மட்டுமே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். காருக்கு 3 கிலோவாட் எனப் பகிர்ந்தாலும், மூன்று மணி நேரத்தில் எல்லாக் கார்களும் மறுநாள் பயணத்துக்குத் தயாராகிவிடும். இப்படித் தேவையறிந்து பகிர்ந்தளிப்பதே திறன்மிகு மின்னூட்டம்.

பகிர வேண்டுமானால் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். காரையும் மின்னூட்டியையும் இணைக்கும் கம்பிவடத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதன் வழியே மின்னூட்டி நொடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னழுத்தம் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பாதி நேரம் உயர்ந்திருந்தால், ‘30 ஆம்பியர் வரை எடுக்கலாம்’ என்று பொருள். பத்தில் ஒரு பங்கு நேரம் என்றால், ‘6 ஆம்பியருக்கு மேல் வேண்டாம்’ என்று பொருள். ஐஇசி 61851 என்னும் அனைத்துலகத் தரநிலை இதை வகுத்துள்ளது. எளிய முறைதான், ஆனால் குறை உண்டு. மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, உரிமையாளர் எப்போது புறப்படுவார் என்பவற்றை இம்முறையில் கார் சொல்ல முடியாது. ‘காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும், இவ்வளவு மின்சாரம் தேவை’ என்று கேட்கும் வசதியை ஐஎஸ்ஓ 15118 என்னும் தரநிலை தருகிறது. காரும் மின்னூட்டியும் இரண்டுமே அதை அறிந்திருந்தால்தான் பயன்.

எந்தக் காருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது பெரும்பாலும் தொலைவில் உள்ள மையக் கணினி. மின்னூட்டிக்கும் அக்கணினிக்கும் இடையிலான பொதுமொழி நெதர்லாந்தில் பிறந்தது. அங்குள்ள மின்விநியோக நிறுவனங்கள் உருவாக்கிய அமைப்பு ஒன்று, 2009ஆம் ஆண்டில் இப்பணியைத் தொடங்கியது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் மின்னூட்டியும் தனக்கென ஒரு மொழியில் பேசினால், வாங்கியவர் என்றும் அந்நிறுவனத்தையே சார்ந்திருக்க நேரும். அந்நிறுவனம் மூடப்பட்டால், நல்ல நிலையில் உள்ள மின்னூட்டியும் வெறும் இரும்புப் பெட்டியாகிவிடலாம். அதனால், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ஓசிபிபி என்னும் நெறிமுறை உருவானது. ‘நான் இயங்குகிறேன்’ என்று மின்னூட்டி அவ்வப்போது மையத்துக்கு அனுப்பும் செய்திக்கு அதில் ‘இதயத்துடிப்பு’ என்றே பெயர், பொருத்தமான பெயர்தான்.

2015இல் வெளிவந்த அதன் 1.6 பதிப்பு, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தரலாம் என்ற அட்டவணையை மையம் மின்னூட்டிக்கு அனுப்ப வழிசெய்தது. இடையில் இணையத் தொடர்பு அறுந்தாலும், மின்னூட்டி கையிலுள்ள அட்டவணைப்படி தொடர்ந்து இயங்கும்.

2022இல் வெளியான ஐஎஸ்ஓ 15118இன் புதிய பகுதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது காரின் மின்கலத்திலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பெறவும் அதில் இடமுண்டு. எவ்வளவு எடுக்கலாம், காலைப் பயணத்துக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதைக் காரே முன்கூட்டித் தெரிவித்துவிடும்.