மருமகள் சோறு போடவில்லையா?

சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடம் மாமியார் வாசலுக்கு வருவார். "காலையில இருந்து பட்டினி கெடக்கறேன், ஒருத்தரும் சோறு போடலை" என்பார். கேட்கிற தெருவே மருமகளை ஒரு மாதிரியாகப் பார்க்கும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் புகுந்த வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. மருந்துச் செலவுகூடச் சமாளித்துவிடலாம். இந்தப் பழிச்சொல்தான் பல பெண்களை உடைத்துப்போடுகிறது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. மகன் லாரியில் போயிருப்பார், அல்லது ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். திரும்பி வர வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்கள். ராத்திரி தூங்காமல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பும் பெரியவரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வது மருமகளோ மகளோதான்.

அந்தப் பெண்ணையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இயங்குகிறது சென்னையில் உள்ள 'டெம்கேர்ஸ்'. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' தொண்டு நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவு இது. நோயாளிக்குப் பரிசோதனையும் பராமரிப்பும், குடும்பத்தாருக்கு ஆலோசனையும் தருகிறது. இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சியை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்து தமிழர்களுக்கு ஏற்றபடி மாற்றியதும் ஸ்கார்ஃப்தான். வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. சின்ன வயது நினைவுகள், சாப்பாடு, அன்றைய செய்தி, காசு எண்ணுவது என்று பேச்சும் விளையாட்டுமாக நடக்கும். நோயைத் தீர்க்காது, ஆரம்ப, நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களின் மூளைக்கு வேலை கொடுக்கும்.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவமனை வேண்டுமே என்று மலைக்க வேண்டியதில்லை. கோவாவில் 'சங்கத்' அமைப்பு பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. இதை 81 குடும்பங்களை வைத்துச் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. ஆலோசகர் வந்துபோன வீடுகளில் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களுக்குப் பொருந்துவது இந்த வழிதான்.

அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள்? பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். 'இப்பத்தானே சாப்பிட்டீங்க' என்று வாதாடக் கூடாது. பேச்சை மாற்றலாம், இன்னும் ஒரு வாய் கொடுக்கலாம். பெரியவரின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும். வாரத்தில் சில மணி நேரமாவது வேறு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதைக் குடும்பத்து ஆண்களிடம் யாராவது உரக்கச் சொன்னால் நல்லது.

அறுபதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூறில் ஏழு பேருக்கு மேல், இந்த நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. இருந்தும் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். தைராய்டு கோளாறு, பி12 குறைவு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சேலம், நாமக்கல் இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567. பார்த்துக்கொள்பவருக்கே மனம் தாங்காமல் போனால் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.