ஐந்தாம் நாள் நாடி

எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லேப்ராஸ்கோப்பி என்பதால் வயிற்றில் நாலைந்து சிறு துளைகள்தான். எழுந்து நடக்கிறார், பேசுகிறார், நீர்மோர் குடிக்கிறார். ஆனால் இந்தச் சிகிச்சையில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் இரைப்பைத் தையல் கசிவு பெரும்பாலும் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான், ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். ஆபத்து வரும் நேரத்தில் அறுத்த மருத்துவர் பக்கத்தில் இல்லை.

வீடு பெங்களூரிலேயே இருந்தால் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். சாமல்பட்டி என்றால்?

ஓசூர் சிப்காட்டில் வேலை, கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு, பெங்களூரில் ஆபரேஷன், உடம்பு தேற ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் அம்மா வீடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்படி ஒருவரைக் கற்பனை செய்வது கடினமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள். அவர்களில் அறுவை வரை போகவேண்டியவர்கள் சிறு பகுதியினரே. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தொட்டவர்களுக்கும், 35-ஐத் தொட்டு, கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை உள்ளவர்களுக்கும் இந்தச் செலவு காப்பீட்டுக்குள் வரும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் குறியீடு 40 என்றால் எடை 109 கிலோ.

இந்தியாவில் அதிகம் நடப்பது 'ஸ்லீவ்' என்கிற முறை. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் முக்கால் பங்குக்குமேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். வெட்டுவதும் தைப்பதும் ஒரே கருவிதான். டைட்டானியம் பின்களை இருபுறமும் மும்மூன்று வரிசையாக அடித்து, நடுவே கத்தியை ஓட்டிவிடும். தையல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம்.

மிச்சமிருக்கும் குழாய் குறுகலானது. அதன் கீழ்வாசலில் உள்ள வளையத்தசையோ முன்போலவே இறுக்கி மூடித் திறக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும்போது அது நலிந்த இடத்தைத் தேடுகிறது. உணவுக்குழாய் வந்து சேரும் மேல்மூலைதான் அந்த இடம். அங்கே சுவர் மெலிது, ரத்த ஓட்டமும் குறைவு. பின் அடித்த அன்று எல்லாம் உறுதியாகத்தான் இருக்கும். ஓரத்துத் திசு ரத்தமில்லாமல் நாளாக நாளாக நலிந்தால் தையல் விட்டுக்கொடுக்கிறது. அனுபவமுள்ள மையங்களில் கசிவு நூற்றில் ஒருவர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் நேர்கிறது. ஆனால் நேர்ந்தால், இரைப்பைச் சாறும் குடித்த கஞ்சியும் வயிற்றுக் குழிக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். ஒல்லியான ஒருவருக்கு வயிற்றுக்குள் இப்படி ஏதாவது நடந்தால் வயிறு பலகைபோல இறுகும், தொட்டால் அலறுவார். பருத்த உடம்பில் அந்த அடையாளம் கைக்குச் சிக்குவதில்லை. காய்ச்சல் தாமதமாகவே வரலாம். வலி சில நேரம் இடது தோளில் தெரியும், "ஒருக்களிச்சுப் படுத்துட்டேன் போல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் முன்னால் பல நேரங்களில் மாறுவது நாடித்துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 100-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 120-ஐத் தாண்டினால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை கசிவு அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி என்றே எடுத்துக்கொள்வது அறுவை மருத்துவர்களின் வழக்கம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், நாடி இறங்கவில்லை என்றால் மறுபடி உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள்.

வீட்டில் இந்த உரையாடல் எப்படிப் போகும்?

"அம்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

"ஒண்ணுமில்லடா, பயத்துல வர்றது. கொஞ்ச நேரம் படு."

அம்மா மேல் குற்றமில்லை. நாடி பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளே போதும். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் கிடக்கிறது, அதுவும் துடிப்பைக் காட்டும். ஒரு எச்சரிக்கை: ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி அவ்வளவு ஏறாது. அவர்களுக்கு 95 கூடச் சந்தேகத்துக்கு இடம் தரலாம்.

இதைப் படித்து யாரும் மிரள வேண்டாம். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் 0.3 சதவீதம், பெரிய சிக்கலுக்கு ஆளானவர்கள் 4.3 சதவீதம். மறுபக்கத்தில், 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, அறுவை செய்துகொண்ட பருத்தவர்களிடையே மரணம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்ததாக 2007-ல் சொன்னது. செய்துகொள்வதா வேண்டாமா என்பது என் கேள்வியல்ல. செய்துகொண்டவரை யார் பார்த்துக்கொள்வது என்பதே என் கேள்வி.

ரத்தக்கட்டி விஷயத்துக்கு வருவோம். பருத்த உடம்பு, மயக்கம், படுக்கை மூன்றும் சேர்ந்தால் காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த மாலையே எழுப்பி நடக்கவைக்கிறார்கள், வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் அந்த ஊசி தொடரும். நம் ஊரில் பாசம் என்றால் அசையாமல் படுக்கவைப்பது. இந்த விஷயத்தில் அந்தப் பாசம் கெடுதல். பெங்களூரிலிருந்து காரில் திரும்பும்போதும் அவ்வப்போது நிறுத்தி, இறங்கி நடக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 108-தான். தையலில் ரத்தக்கசிவு என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டில் தார்போலக் கறுப்பாக மலம் போனாலோ தலை சுற்றி விழுந்தாலோ அதே சந்தேகம்தான்.

வீடு வருவதற்கு முன்னரும் ஆபத்து உண்டு. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் பம்மலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்து, இதயத்துடிப்பு நின்று மறுநாள் இறந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மரணத்தின் காரணத்தை இங்கே அலசப்போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம்: பருத்தவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோய் இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது, குறட்டை என்று விட்டுவிடுகிறார்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் சேரும்போது அந்த அடைப்பு முற்றும். முன்கூட்டியே சோதித்து, தேவையென்றால் முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி பழக்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் செய்வதுதான் பாதுகாப்பு. பம்மல் மரணத்துக்கு முன், 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் இறந்த செய்தியை ஓசூர்ப் பக்கம் பலர் இரைப்பை அறுவையோடு போட்டுக் குழப்புகிறார்கள். அவர் செய்துகொண்டது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை அகற்றும் அழகு சிகிச்சை. அது வேறு, இரைப்பை அறுவை வேறு.

முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலரை இழுத்து வருவது கசிவோ கட்டியோ அல்ல, தண்ணீர் குறைவும் வாந்தியும்தான். குழாயாகிப்போன இரைப்பையில் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடித்து ஒன்றரை லிட்டரைத் தொடவேண்டும். அது ஒரு முழுநேர வேலை.

வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் கதை வேறு திசைக்குப் போகிறது. உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் மொத்தமே 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் சேமிப்பில் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சர்க்கரையை எரிசக்தியாக்க மூளைக்கு அது வேண்டும். தீர்ந்ததும் கண் விழி துள்ளும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881-ல் விவரித்த நோய் இது. பார்க்கிறவர்கள் "குடிச்சிருக்கானா?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் பலவீனம் என்பார்கள். பலவீனத்துக்கு நம் ஊர் வைத்தியம் என்ன? குளுக்கோஸ் ஏற்றுவது. தயமின் இல்லாத மூளைக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் போவது, கடைசித் துளி தயமினையும் செலவழிக்கச் செய்வது. தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. இந்த வரிசை மாறினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். ஊசியின் விலையோ அற்பம். இரைப்பை அறுவை செய்துகொண்டு வாந்தி எடுக்கும் ஒருவர் சிறு கிளினிக்கில் வந்து உட்காரும்போது அங்குள்ள மருத்துவருக்கு உடனே தெரியவேண்டிய விஷயம் இதுதான் என்பேன்.

இதே தயமின் குறைவால் வரும் பெரிபெரியை ஆராயத்தான் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய அந்த ஓரறை ஆய்வுக்கூடம் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே உண்ட ஆந்திரக் கடலோரத்தில் அந்த நோய் அதிகம். புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் தப்பின. நெல்லை அவிக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ஏழைகளின் சோற்றில் ஒழிந்துபோன பழைய நோய், லட்சக்கணக்கில் செலவழித்து அறுவை செய்துகொண்டவரிடம் திரும்பி வருவது விசித்திரம்தான்.

சாமல்பட்டி வட்டாரம் ராகி நாடு. ராகியில் தயமின் உண்டு, ஆனால் அதை நம்பி ஊசியையும் மாத்திரையையும் விடமுடியாது. களி உருண்டையோ முதல் மாதத்தில் கூடவே கூடாது. களியை மெல்லாமல் விழுங்குவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். மென்று தின்றால் சிரிப்பார்கள். புதிதாகத் தைத்த குறுகிய குழாயில் அந்த விழுங்கல் நேராகப் போய் அடைத்து நிற்கும். முதல் இரண்டு வாரம் நீர்மம் மட்டும், வடிகட்டிய நீர்த்த ராகிக் கஞ்சி உட்பட. பிறகு மசித்த உணவு. களிக்குத் திரும்புவது டயட்டீஷியன் சொன்ன பிறகு, அதுவும் சிறு துண்டாக, மென்று.

இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், ஆங்கிலத்தில். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மாவட்டத்தில் அந்தக் கத்தையைப் படித்துச் சொல்ல ஆளில்லை. எந்த அறுவை, எந்தத் தேதி, நாடி எவ்வளவு தாண்டினால் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது, வாந்தி நின்றபாடில்லை என்றால் தயமின் முதலில் என்று தமிழில் ஒற்றைத்தாள் கேட்டு வாங்கவேண்டும். ஊத்தங்கரை அரசு மருத்துவமனையிலோ, 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ இரவு இரண்டு மணிக்கு நீட்டினாலும் பணி மருத்துவர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். அதில் மருந்துகளுக்கும் இரண்டு வரி வேண்டும். சாப்பாடு கால்பங்கான பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே கதை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, குறிப்பாக இரைப்பையைக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்களுக்கு, குடல் இணைப்பில் புண்ணாக்கித் துளையே போட்டுவிடும். வலிக்கு பாராசிட்டமால் போதும். அது போதவில்லை என்றால் கடைக்காரரை அல்ல, அறுத்தவரைத்தான் கேட்கவேண்டும்.