இரைகிறது, குளிரவில்லை!

சென்ற சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் எம் அன்னையார் கட்டிலிற் கிடந்தபடியே எம்மை அழைத்து, “தம்பி, உந்தப் பெட்டி சத்தம்தான் போடுது, குளிரைக் காணேல்லை” என்றார். எண்பது வயதைக் கடந்தவர், இருதய நோயுடையவர். வெக்கை ஆகாதென்று வைத்தியர் கூறியதன் பேரில், வெளிநாட்டிலுள்ள எம் இளைய சகோதரன் அனுப்பிய பணத்தில் வாங்கிப் பூட்டிய குளிரூட்டி அது. எமது வீடு வடமராட்சிக் கரையிலே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. ஓராண்டுக்குள் மும்முறை அதற்குக் காஸ் நிரப்பியாயிற்று. நிரப்பிய பின் இரண்டு மூன்று மாதம் குளிரும். அப்பால் பழைய கதைதான். நிரப்ப வந்தவர், கடற்கரை வீடுகளிற் காஸ் விரைவில் முடிவது இயல்பென்று கூறிக் கூலியைப் பெற்றுச் சென்றார். மாணவருக்குப் பௌதிகம் கற்பிக்கும் நாமும் அதை நம்பினோம் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகின்றோம்.

குளிரூட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகின்றது, அவ்வளவே. உட்பெட்டியின் குழாய்களில் திரவம் ஆவியாகும்போது மறைவெப்பத்தை அறையிலிருந்து கவர்ந்து கொள்கிறது. அவ்வாவியைக் கொம்பிரசர் அமுக்கி வெளிப்பெட்டிக்குத் தள்ள, அங்கே அது வெப்பத்தைக் கைவிட்டு மீண்டும் திரவமாக ஒடுங்குகிறது. அதே பொருள் சுற்றிச் சுற்றி வருகின்றதேயன்றி, விளக்கில் எண்ணெய் எரிவதுபோல் எரிந்து தீர்வதில்லை. ஆகவே காஸ் குறைந்ததென்றால் எங்கோ ஓர் ஓட்டை உண்டு என்பதே பொருள்.

கரையோரத்தில் இவ்வியந்திரத்துக்கு மற்றுமொரு வேலையும் உண்டு. 1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் வில்லிஸ் கரியர் இதன் முன்னோடியை வகுத்தது மனிதரைக் குளிர்விப்பதற்கன்று. ஓர் அச்சகத்துக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதற்கே. கடற்காற்றின் ஈரத்தில் ஒரு லீற்றர் நீரை ஒடுக்குவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். மணிக்கு ஒரு லீற்றர் நீர் வடிந்தால், 12,000 பீ.டீ.யூ. அளவுடைய பெட்டியின் ஆற்றலில் ஐந்திலொரு பங்கு அதற்கே போய்விடும். சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி குளிரவில்லை என்று குறைபடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

குளிராதபோது முதலிற் பார்க்க வேண்டியவை எளியவை. ரிமோட்டில் விசிறி மாத்திரம் ஓடும் நிலை தெரிவாகியுள்ளதா? உட்பெட்டியின் வடிகட்டியில் தூசு அடைத்துள்ளதா? குழாயிற் பனிக்கட்டி படிந்திருப்பின் உடனே காஸ் குறைவென்று முடிவு கட்டலாகாது. அடைபட்ட வடிகட்டியும் பனியை உண்டாக்கும். வடிகட்டியைக் கழுவி, பனி முழுதும் உருகியபின் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். வெளிப்பெட்டியின் விசிறி சுழன்றும் கொம்பிரசரின் இரைச்சல் கேளாவிடின், மின்னழுத்தக் குறைவோ கொள்ளளவியின் பழுதோ காரணமாகலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மாணவர்கள் ஆர்வ மிகுதியால் அதிற் கை வைத்தல் ஆகாது.

எமது வீட்டில் இவை யாவும் சரியாகவே இருந்தன. ஈற்றில், எம்மிடம் படித்து இப்போது இத்தொழில் செய்யும் இளைஞரொருவரை அழைத்தோம். வந்தவர் காஸ் உருளையை இறக்கவேயில்லை. “சேர், காஸ் எரிஞ்சு முடியிற சாமான் இல்லை; போற வழி ஒண்டு இருக்க வேணும்” என்று, வகுப்பில் நாம் கூறியிருக்க வேண்டியதை எமக்கே கூறினார். சவர்க்கார நீரைக் குழைத்து வெளிப்பெட்டியின் குழாய் வளைவுகளிற் பூசினார். மூன்றாவது வளைவிலே சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

அலுமினியத் தகடுகளைத் தொட்டபோது அவை வெண்பொடியாக உதிர்ந்தன. செப்புக் குழாயும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே உப்புநீர் படிந்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. தகடு குழாயை விட்டுக் கழன்றதும் வெப்பம் வெளியேற வழியில்லை. அமுக்கம் ஏறி, கொம்பிரசர் சூடாகித் தானே நின்றுவிட, உள்ளே விசிறி மாத்திரம் இரைந்து கொண்டிருக்கும். செப்பும் தப்பவில்லை, அதிலே குண்டூசி முனையளவு குழி விழுந்திருந்தது.

இதற்கு நாமே இடங்கொடுத்திருந்தோம். மழையில் நனையக் கூடாதென்று, கடல் பார்த்த வடக்குச் சுவரிலே தாழ்வாரத்தின் கீழ் அப்பெட்டியைப் பூட்டுவித்தவர் நாமே. வாடைக்காற்று கொணர்ந்த உப்பு அதிற் படிந்தது. கழுவிவிட மழை எட்டவில்லை. அது போதாதென்று, தூசு போகட்டும் என எண்ணி இரண்டொரு முறை கிணற்று நீரை அடித்தோம். எமது கிணறோ உவர்க் கிணறு. உப்பை உப்பினாற் கழுவினோம்!

வெளிப்பெட்டியின் சுருளை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. மும்முறை காஸுக்குக் கொடுத்த பணம் கையிலிருந்திருப்பின் அச்செலவிற் பெரும் பகுதியைத் தாங்கியிருக்கும். இப்போது பெட்டி தெற்குச் சுவரில், மழை படும் திறந்த இடத்தில், வேப்பமரத்து நிழலில் இருக்கின்றது. மாதத்தில் இருமுறை மின்சாரத்தை முற்றாக நிறுத்தி, தகடுகள் வளையாதபடி மெதுவாக நன்னீர் வார்க்கின்றோம். மழைத் தொட்டி வற்றும் காலத்தில் பவுசரில் வாங்கும் நீரே இதற்கும். முதன்முறை அதைக் கண்ட அன்னையார், “குடிக்கிற தண்ணியை உந்தப் பெட்டிக்கோ வார்க்கிறாய்?” என்று சினந்தார். ஒரு வாளிதானம்மா என்றோம்.