மெஷின்ஹுட் (புதினம்)

மெஷின்ஹுட் என்பது புதுச்சேரியில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் எஸ். பி. திவ்யாவின் முதல் அறிவியல் புனைவுப் புதினமாகும். இது 2021 இல் வெளியானது.

கதைச் சுருக்கம்

கதை 2095 இல் நிகழ்கிறது. வேலைக்காக இயந்திரங்களுடன் போட்டியிடும் மனிதர்கள், உடல் திறனையும் மூளைத் திறனையும் கூட்டும் மாத்திரைகளை உட்கொள்கின்றனர். மாத்திரை உற்பத்தியை நிறுத்துமாறு ‘மெஷின்ஹுட்’ எனும் அமைப்பு ஒரு வாரம் கெடு விதிக்கிறது. மெய்க்காவலர் வெல்கா அவ்வமைப்பைத் தேடிச் செல்கிறார். மாத்திரைகளால் வெல்காவுக்கு ஏற்படும் உடல்நலக் குறைவின் காரணத்தை, அவருடைய சகோதரரின் மனைவியும் சென்னையில் வாழும் ஆய்வாளருமான நித்யா ஆராய்கிறார்.

வரவேற்பு

பரபரப்பான கதையோட்டத்தினூடே தொழிலாளர் உரிமையையும் இயந்திரங்களின் உரிமையையும் ஒருசேர விவாதித்தமைக்காக இப்புதினம் பாராட்டப்பட்டது. 2021 ஆம் ஆண்டுக்கான நெபுலா விருதின் சிறந்த புதினப் பிரிவில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. திவ்யாவின் அடுத்த புதினமான மெரு (2023) விண்வெளிப் பயணத்தைக் களமாகக் கொண்டது.